பானைக்குள் அடைபடும் எழுத்து

பொங்கல் நெருங்கினால் தில்லியில் நம் சங்கங்களின் அழைப்பிதழிலும் பேனரிலும் ஒரு பானை வந்துவிடும். வரட்டும். ஆனால் இப்போதெல்லாம் பானையைப் படமாகப் போடுவதோடு சிலர் நிற்பதில்லை. 'பொங்கல் வாழ்த்துகள்' என்ற எழுத்துகளையே வளைத்து நெளித்துப் பானையாக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். படிக்க முடிகிறதா என்பதே என் கேள்வி.

இது கம்ப்யூட்டர் செய்யும் வேலை. கோரல் டிராவில் இதற்கு 'என்வலப்' என்று பெயர். இல்லஸ்ட்ரேட்டரில் 2001-இல் வந்த 10-ஆம் பதிப்பில் 'என்வலப் டிஸ்டார்ட்' என்று சேர்த்தார்கள். எழுத்தை அடித்து, அதன் மேல் பானை வடிவத்தை வரைந்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து 'மேக் வித் டாப் ஆப்ஜெக்ட்' என்றால் போதும், எழுத்து அந்த வடிவத்துக்குள் போய் நிறைந்துகொள்ளும். வில், கொடி, மீன் என்று ஆயத்தமாக 15 வடிவங்களும் உண்டு.

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகள். இந்த நெருக்கலை ஓரளவு தாங்கும். நம் எழுத்து சுழியாலும் கொம்பாலும் புள்ளியாலும் ஆனது. 'பொங்கல் வாழ்த்துகள்' என்பதில் பத்து எழுத்து. அதில் ஐந்துக்குப் புள்ளி. பானையின் கழுத்தில் 'பொங்கல்' நசுங்கும்போது புள்ளி கோடாகிறது. வயிற்றில் 'வாழ்த்துகள்' உப்பும்போது அதே புள்ளி முட்டையாகிறது. மூன்று சுழி ண-வுக்கும் இரண்டு சுழி ன-வுக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம்? அது ஒட்டிப்போனால் 'மண்டபம்' 'மன்டபம்' ஆகிவிடும்.

கையால் போர்டு எழுதிய ஓவியர்களும் எழுத்தை வடிவத்துக்குள் அடக்கியவர்கள்தாம். ஆனால் எதை நீட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். ட-வின் அடிக்கோட்டை இழுப்பார்கள், ழ-வின் வாலை வளைப்பார்கள். சுழியை நசுக்க மாட்டார்கள். கோட்டின் கனமும் பெரிதாக மாறாது. மென்பொருளுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. சுழியும் காலும் புள்ளியும் அதற்கு ஒன்றே.

இதில் இன்னொரு சங்கடம். இங்குள்ள அச்சகங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நம் எழுத்து ஒரு படம். இடம் போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் அமுக்குவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பார்த்து அனுப்ப வேண்டியது நாம்தான்.

தெருவெல்லாம் இந்தியும் ஆங்கிலமுமாக இருக்கும் ஊரில், பாடப்புத்தகத்துக்கு வெளியே நம் பிள்ளைகள் காணும் பெரிய தமிழ் எழுத்து சங்கத்தின் பேனரில் இருப்பதுதான். எழுத்துக்கூட்டிப் படிக்க ஆசையாக வந்து நிற்கும் குழந்தைக்கு அது புரியாவிட்டால் என்ன நினைக்கும்?

வளைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைப்பில் ஒரு சொல்லை, அதுவும் புள்ளி குறைந்த சொல்லாகப் பார்த்து வளையுங்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் தொடவேண்டாம். வளைவாக வரவேண்டுமென்றால் பாதையின் மேல் எழுத்தை ஓடவிடும் 'டைப் ஆன் எ பாத்' இருக்கிறது. அதில் எழுத்து சாயுமே தவிர உருக்குலையாது. யூனிகோடு எழுத்தென்றால் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பிழை பார்ப்பதை 'எக்ஸ்பேண்ட்' கொடுக்குமுன் முடித்துவிடுங்கள். அதுவரை 'எடிட் கன்டென்ட்ஸ்' வழியே உள்ளே போய்த் திருத்தலாம். அதன் பிறகு எழுத்து வெறும் கோடு. விட்டுப்போன ஓர் ஒற்றைச் சேர்க்கக்கூட முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கலுக்கு டிசைன் வந்ததும், தமிழ் படிக்கத் தொடங்கி ஓராண்டு ஆன ஒரு பிள்ளையிடம் காட்டி, பத்தடி தள்ளி நின்று வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பானையைத் திருப்பி அனுப்புங்கள்.