இடம் கொடுத்தீர்கள், புத்தகம் எங்கே?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை கட்சி அலுவலகத்துக்கு ஒரு மாணவர் வந்தார். பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். தபால் வழிக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறார். பகலில் ஒரு மொத்தக் கடையில் டெலிபோனில் ஆர்டர் எடுக்கும் வேலை. "தோழர், என் பாடப் புத்தகம் எப்படிப் பேசுகிறது, கேளுங்கள்" என்று சொல்லிக் கைப்பேசியை மேஜைமேல் வைத்தார்.

"பக்கம் ஒன்று" என்றது கைப்பேசி. அதன் பிறகு சத்தமில்லை. விரலால் தள்ளினார். "பக்கம் இரண்டு" என்றது. மறுபடியும் மௌனம். நூற்று நாற்பது பக்கமும் இந்த லட்சணம்தான் என்றார். இன்னொரு பாடத்தைத் திறந்தார். அது பேசியது. ஆனால் என்ன பேசியது? ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாக, மந்திரவாதி முணுமுணுப்பதைப் போல ஒரே இரைச்சல். "பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள் தோழர். அதில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்கு அது எம், கே, செமிகோலன், கே, எச். அதைத்தான் இது படிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்டாராம். அங்கிருந்த அதிகாரி மிகுந்த அனுதாபத்தோடு பதில் சொன்னாராம்: "வீட்டில் யாராவது படித்துக் காட்டமாட்டார்களா, தம்பி?"

இந்த ஒரு கேள்விக்குள் முழு அநியாயமும் அடங்கிக் கிடக்கிறது. அந்த வீட்டில் இருப்பது தாய் ஒருவர். பீடி சுற்றுகிறவர். நான்காம் வகுப்பு வரை படித்தவர். தட்டை இறக்கி வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, மகனுக்குப் பிரெஞ்சுப் புரட்சியைப் படித்துக் காட்டுகிறார். கட்டணம் வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகம் செய்யாத வேலையை ஒரு பீடித் தொழிலாளி தன் தூக்கத்தைக் கொடுத்துச் செய்கிறார். "செலவு அதிகமாகுமே" என்று இழுக்கிறார்களே கனவான்கள், செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது ஐயா! உங்கள் கணக்கில் எழுதாமல் அந்தத் தாயின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வாயைக் கட்டியது யார்?

இதில் இயற்கையின் குற்றம் எதுவும் இல்லை. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், அந்த மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கணினியிலும் கைப்பேசியிலும் திரைவாசிப்பான் என்று ஒரு மென்பொருள் உண்டு. திரையில் எழுத்து இருந்தால் அதை வாய்விட்டுப் படிக்கும். எழுத்தின் போட்டோ மட்டும் இருந்தால் திகைத்து நின்றுவிடும்.

பாடம் எழுதுகிற பேராசிரியர் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கிறார், அல்லது டி.டி.பி. கடையில் ஒரு பெண் உட்கார்ந்து அடித்துக் கொடுக்கிறார். அப்போது அது எழுத்து. அச்சுக்குப் போகும்போதும் எழுத்து. பிறகு என்ன செய்கிறார்கள்? அச்சான புத்தகத்தைப் பிரித்து ஸ்கேனரில் கவிழ்த்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையதளத்தில் ஏற்றுகிறார்கள்! உயிரோடு இருந்த எழுத்தைக் கொன்று, அதன் போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டி வைத்து, இதற்கு "டிஜிட்டல் புரட்சி" என்று பெயரும் சூட்டுகிறார்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்தான் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது. தெளிவான அச்சாக இருந்தால் ஓரளவு உதவும். சாய்ந்து விழுந்த ஜெராக்ஸ், இரண்டு பத்தியாக ஓடும் பக்கம், அட்டவணை, கணிதச் சமன்பாடு என்று வந்தால் கதை கந்தல். ஆண்டுகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும் சரித்திரப் பாடத்தை வைத்துக்கொண்டு யார் பரீட்சை எழுதுவது?

எழுத்துரு சங்கதியைப் பாருங்கள். தமிழ்நாடு சர்க்கார் 2010-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டாகிவிட்டது. யூனிகோடில் அடித்தால் 'அம்மா' எந்தக் கணினிக்கும் 'அம்மா'தான். அதன் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்த பாடங்கள் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலப் புத்தகத்துக்கு இந்த வியாதி கிடையாது. தமிழ் வழியில் படிக்கிற ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்த எம்-கே-செமிகோலன். மேடைதோறும் தமிழ்த்தாயை வாழ்த்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளக் கூடாதா?

திரைவாசிப்பான் விலை அதிகம் என்று பூச்சாண்டி காட்டவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழையும் படிக்கிறது. ஆக, படிக்கும் கருவி மாணவரிடம் இருக்கிறது. படிக்கத் தகுந்த புத்தகம்தான் பல்கலைக்கழகத்திடம் இல்லை!

பதினெட்டு வயதுச் சட்டம்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று சதவீதமாக இருந்த இடஒதுக்கீடு, சர்க்கார் உயர்கல்வி நிறுவனங்களிலும் சர்க்கார் உதவி பெறும் நிறுவனங்களிலும் ஐந்து சதவீதமாக உயர்ந்தது. நல்லது, போராடிப் பெற்றதுதான். மின்னணு வடிவில் வெளியிடும் எதுவும் எல்லோரும் அணுகும்படி இருக்கச் சர்க்கார் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. 17-வது பிரிவு இன்னும் ஒரு படி போய், புத்தகமும் கற்கும் பொருள்களும் துணைக்கருவிகளும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. எதுவரை? பதினெட்டு வயது வரை!

கல்லூரி வாசலில் ஒரு மாணவன் கால் வைக்கும் வயது எது? ஏறக்குறைய அதே பதினெட்டுதான். பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் சட்டத்தின் கருணை வற்றிவிடுகிறது. ஒரு பக்கம் ஐந்து சதவீத இடம் கொடுத்து உள்ளே அழைக்கிறார்கள். மறுபக்கம் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பந்தியில் உட்காரவைத்து இலை போட்டுவிட்டுச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? சரி, இந்தச் சட்டத்தை மீறினால் தண்டனை என்ன? முதல் தடவைக்கு அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பட்டமளிப்பு விழா மேடையின் பூ அலங்காரத்துக்கு இதைவிட அதிகம் ஆகும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அணுகல் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வழிகாட்டி! வழியைக் காட்டும், நடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. இந்தத் தந்திரத்தை உச்ச நீதிமன்றமே 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சுட்டிக்காட்டியது. அணுகல் தரங்களை வெறும் யோசனைகளாக வைத்திருந்த மத்திய சர்க்காரின் 15-வது விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமான தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் இன்னொரு வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் தீர்ப்பளித்தது. இனியும் "யோசிக்கிறோம், கமிட்டி போட்டிருக்கிறோம்" என்று சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை?

தேங்காயும் கல்லும்

பதிப்பக முதலாளிகளையும் விட்டுவிடக் கூடாது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஊனமுற்றவர்கள் படிக்கும் வடிவத்துக்கு எந்தப் புத்தகத்தையும் லாப நோக்கமின்றி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இதே உரிமைக்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014-இல், உறுதி செய்த நாடு இந்தியா. பெருமைதான். ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்று மாணவரிடம் சொன்ன சட்டம், கையில் இருக்கும் எழுத்துக் கோப்பைக் கொடு என்று பதிப்பாளரிடம் சொல்லவில்லை. தேங்காயைக் கொடுத்தார்கள், உடைக்கக் கல்லைக் கொடுக்கவில்லை. எழுத்துக் கோப்பு பதிப்பாளரின் கம்ப்யூட்டரில் பத்திரமாகத் தூங்குகிறது. மாணவரின் நண்பர்களோ அதே புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, தைத்த முதுகைப் பிளந்து, தாள் தாளாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தித் தருகிறார்கள்!

இந்தக் கூட்டத்தின் குணம் நமக்குத் தெரியாததல்ல. டில்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடப் பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த ஒரு சின்னக் கடைமேல் 2012-இல் வழக்குப் போட்டவர்கள் யார்? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மலைமுழுங்கிப் பதிப்பகங்கள். 2016-இல் டில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மறு ஆண்டு மார்ச்சில் மூவரும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து எதிர்த்து நின்றதன் பலன் அது.

அமெரிக்காவைப் பார் என்பார்கள். பார்ப்போம்

அங்கே பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் வகுப்புகளை வீடியோவாகவும் ஒலிப்பதிவாகவும் உலகத்துக்கு இலவசமாகத் திறந்து வைத்திருந்தது. பலவற்றில் வசன எழுத்து இல்லை. காது கேளாதவர்களுக்கு வெறும் உதட்டசைவுதான். காது கேளாதோரின் தேசிய சங்கம் முறையிட்டது. சட்டப்படி இது தவறு என்று 2016-இல் அந்நாட்டு நீதித் துறை சொன்னது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? 2017 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி எடுத்துவிட்டது! எல்லோருக்கும் கதவைத் திற என்றால், ஒருவருக்கும் இல்லை என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். பழியையும் காது கேளாதவர்கள் தலையில் சுமத்தப் பார்த்தார்கள் சில பத்திரிகைப் புத்திமான்கள். கடைசியில் 2022-இல் அதே பல்கலைக்கழகம் நீதித் துறையுடன் உடன்பாடு செய்துகொண்டு, தன் இணையப் பாடங்களை அணுகத்தக்கதாக்க ஒப்புக்கொண்டது. உலகத்திலேயே அதிக நிதி குவித்து வைத்திருக்கும் ஹார்வர்டுகூட, 2015-இல் அதே சங்கம் வழக்குப் போட்ட பிறகு, 2019-இல்தான் வசன எழுத்துப் போடச் சம்மதித்தது. பணம் இல்லாததா பிரச்னை?

அந்த நாட்டிலேயே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இணையதளத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், எங்கள் செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எல்லோருக்கும் ஏற்றதாக்கிவிடும் என்று விற்ற ஒரு கம்பெனிக்கு 2025-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் பத்து லட்சம் டாலர் அபராதம் போட்டது. சர்வரோக நிவாரணி விற்கிறவர்கள் இங்கேயும் பெட்டியைத் திறந்து உட்காருவார்கள். துணைவேந்தர்கள் டெண்டரில் கையெழுத்துப் போடும் முன் இதை நினைவில் வைக்கட்டும்.

ஐந்து பேருக்காகவா?

"ஐந்து பேருக்காக இவ்வளவு வேலையா?" இது அடுத்த வாதம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் ஏன் ஐந்து பேர் மட்டும் உங்கள் வகுப்புக்கு வந்தார்கள்? வாசலை அடைத்து வைத்துவிட்டு, உள்ளே கூட்டமே இல்லை பார் என்கிற சாமர்த்தியம் இது.

ஐந்து பேரோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஸ்கேன் செய்த பாடம் கனம் பிடித்தது. எழுத்துக் கோப்பு அதில் சிறு பங்கு. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகும் கைப்பேசியில் படிக்கிற ஓட்டல் தொழிலாளிக்கு எது இறங்கும்? எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா உள்ள மாணவி எழுத்தைப் பெரிதாக்கி, வரியைத் தளர்த்தி, காதால் கேட்டபடியே படிக்க முடிவது எதில்? ஸ்பின்னிங் மில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே பாடத்தைக் கேட்டு வருகிறவனுக்கு எது பயன்படும்? 2020-இல் கொரோனா வந்து வகுப்பு முழுவதும் கைப்பேசிக்குள் நுழைந்தபோது, வசன எழுத்து இல்லாத வீடியோ முன்னால் காது கேளாத மாணவர்கள் உட்கார்ந்திருந்ததை நாம் மறந்துவிட்டோமா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நாளைக்கே ஒரு சுற்றறிக்கை வரும்: "எல்லாப் பாடங்களையும் விரிவுரையாளர்களே ஒரு வாரத்தில் மாற்றித் தர வேண்டும்." தொகுப்பூதியத்தில் வதங்கும் கௌரவ விரிவுரையாளர் தலையில் இதையும் கட்டிவிட்டுக் கைகழுவப் பார்ப்பார்கள். பார்வையற்ற மாணவரையும் பாதிச் சம்பள ஆசிரியரையும் ஒருவரோடொருவர் மோதவிடுகிற பழைய சூழ்ச்சி இது. இதற்கென்று நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பார்வையற்ற பட்டதாரிகளையே அவற்றில் நியமிக்கலாம். கோப்பு சரியாகப் பேசுகிறதா என்று அவர்களைவிட நன்றாகச் சோதிக்க யாரால் முடியும்? புதிய பாடம் எதுவாக இருந்தாலும் எழுத்துக் கோப்பாக, யூனிகோடில், தலைப்பும் படக்குறிப்பும் சரியாக இருந்தால் மட்டுமே அச்சகத்தின் பில்லைப் பாஸ் செய்வது என்று ஒரு விதி போடட்டும். ஒரே பருவத்தில் பாதிப் பிரச்னை தீரும்.

அந்த மாணவரும் நானும் அன்று ராத்திரியே உட்கார்ந்து, தகவல் உரிமைச் சட்டப்படி அவருடைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு எழுதினோம். அவர் சொல்ல, நான் எழுதினேன். பாடப் புத்தகங்களின் எழுத்துக் கோப்புகள் யாரிடம் இருக்கின்றன, அவற்றை மாணவருக்குக் கொடுக்கத் தடை என்ன, எத்தனை பாடங்கள் இன்னும் பழைய எழுத்துருவில் இருக்கின்றன, இதற்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று நான்கு கேள்விகள். மறுநாள் ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்தால் இதே பக்கத்தில் வெளியிடுவோம். வராவிட்டால் அதையும் வெளியிடுவோம்.