பச்சை போர்டை நம்பாதீர்கள்

மொட்டை மாடியில் கூடுதலாக ஓர் அறை எடுக்கிறவர்கள், கட்டடத்துக்குப் பாரம் ஏறக்கூடாது என்று குளியலறைக்கும் போர்டு சுவர் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதில் தப்பில்லை, எந்த போர்டு என்பதில்தான் கோளாறு. கடையில் பச்சை நிற ஜிப்சம் போர்டைக் காட்டி “வாட்டர் ப்ரூஃப் சார்” என்பார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும், மேலே விழும் தண்ணீரைத் தாங்காது. நடுவே ஜிப்சம், இரு பக்கமும் காகிதம். நனைந்துகொண்டே இருந்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், ஜிப்சம் இளகிவிடும். தண்ணீர் படாத சுவருக்கும் மேற்கூரைக்கும் அதைப் போடலாம். ஷவர் அடிக்கிற சுவருக்கு ஃபைபர் சிமென்ட் போர்டுதான் என் கட்சி. டைல்ஸ் ஒட்டிவிட்டால் எந்த போர்டும் தப்பித்துவிடும் என்பது வெறும் நினைப்பு. தண்ணீர் கசிவது டைல்ஸ் வழியாக அல்ல, இடையிலுள்ள கோடுகள் வழியாக. சிமென்ட் போர்டும் உதிராதே தவிர, ஈரத்தை உள்ளே விடும். இணைப்புகளில் டேப் ஒட்டி, ஸ்க்ரூ தலைகளும் மூடும்படி வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்த பிறகுதான் டைல்ஸ். ஷவர் இருந்தாலும் நம் வீடுகளில் பக்கெட், மக் குளியல்தான் அதிகம். சுவரின் அடிப்பகுதிக்குத்தான் அடி. போர்டைத் தரையில் உட்கார வைக்காமல், சிறு இடைவெளி விட்டு சீலன்ட் வைக்கச் சொல்லுங்கள். “அதெல்லாம் வேணாம் சார்” என்பார் மேஸ்திரி. கூடவே நில்லுங்கள். பி.வி.சி. பேனலா? தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, சூடுதான் ஆகாது. வாடகைக்கு விடும் போர்ஷனுக்குத் தாராளமாகப் போதும்.