கண்ணாடி மணிக்குள் ஒரு கிசுகிசு

ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குப் போய் வந்தவர்கள் அங்கிருக்கும் பெரிய டெலஸ்கோப்பின் பருமனைத்தான் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். 1986-இல் வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் சூட்டப்பெற்ற அதன் கண்ணாடிக்குக் குறுக்களவு 2.34 மீட்டர். எனக்கோ அங்கே நட்சத்திர வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவிதான் பெரிய அதிசயம். வெளிச்சத்தின் அலைநீளம் ஓர் இம்மி நகர்ந்தால் போதும். நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

இம்மி நகர்வை அளந்து நோய்க் கிருமியையும் பிடிக்கலாமா? பிடிக்கலாம் என்று 2008-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். ஏறக்குறைய தலைமயிரின் பருமனே உள்ள ஒரு கண்ணாடி மணி. அதன் விளிம்பில் லேசர் ஒளியைச் செலுத்தினால், ஒளி வெளியே தப்பாமல் உள்சுவரை ஒட்டியே திரும்பத் திரும்ப வலம் வருகிறது. சுற்றளவுக்கும் அலைநீளத்துக்கும் சுருதி சேர்ந்தால்தான் இது நடக்கும்.

இந்தப் பிரதட்சிணம் நமக்குப் புதிதல்ல. பீஜப்பூர் கோல் கும்பஸில் சுவரோரம் ஒருவர் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். (ரகசியம் பேச ஏற்ற இடமல்ல!) ஒலி அப்படிச் சுவரோடு சுவராக நழுவிப் போவதை, திருச்சியில் பிறந்த ஸி. வி. ராமன் 1920-களின் தொடக்கத்தில் அங்கேயும், லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்திலும் ஆராய்ந்து எழுதினார். அங்கே ஒலி, இங்கே ஒளி.

ஜலதரங்கம் கேட்டிருப்பீர்கள். கிண்ணத்தில் ஒரு கரண்டி தண்ணீர் கூடினால் சுருதி இறங்கிவிடும் அல்லவா? கிருமி வந்து மணியில் ஒட்டினாலும் அதே கதைதான். அலைநீளம் சற்று நீள்கிறது. எவ்வளவு என்கிறீர்கள்? கோடியில் ஒரு பங்குகூட இராது! 2008-இல் அப்படி ஒட்டிப் பிடிபட்டது ஒற்றை இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்.

கம்ப்யூட்டருக்கு இதில் என்ன வேலை? மணி பெரிதானால் நகர்வு குறைந்துவிடும்; மிகவும் சிறிதானாலோ ஒளி கசிந்து போகும். ஒளி ஓடும் நடுவட்டத்தில் கிருமி ஒட்டினால் நன்றாகத் தெரியும்; எட்ட ஒட்டினால் தெரியவே தெரியாது. நூறு மணிகளை வார்த்துப் பார்த்துக் கொண்டிருக்க முடியுமா? மாக்ஸ்வெல் என்ற மேதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதி வைத்த சமன்பாடுகளைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தால், எந்த அளவு, எந்த வடிவம் தோதானது என்று போட்டுக் கொடுத்துவிடும்.

ஆனால் கணக்குக்கு அடங்காத தொல்லைகளும் உண்டு. ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு சூடு ஏறினாலே, கிருமி வந்தது போல அலைநீளம் நகர்ந்துவிடும். ரத்தத்தை விட்டாலோ, கண்ட புரதமெல்லாம் மணியில் அப்பிக்கொள்கிறது. குறித்த கிருமியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை மணிமேல் பூசிப் பார்க்கிறார்கள். அப்போதும் வேண்டாத விருந்தாளிகள் சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

குழந்தைக்கு ஜுரம் அடிக்கும்போது, பரிசோதனை முடிவு வரும்வரை தாய் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரு சொட்டில், சில நிமிஷங்களில் விடை கிடைத்தால் எவ்வளவு நிம்மதி! ஆனால் வைரஸா, வெறும் சூடா என்று மணிக்கே நிச்சயமில்லாதபோது அந்த விடையை வைத்து மருந்து கொடுக்க எந்த டாக்டர் துணிவார்? சோதனைச்சாலையில் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வரையில், டாக்டர் எழுதித் தரும் சீட்டோடு ரத்தம் கொடுக்கப் போகத்தான் வேண்டும்.