நாலு கிலோ சரித்திரம்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு காயலான் கடை. போன மாதம் ஒரு சாயங்காலம் அந்த வழியாக வரும்போது, தராசில் ஏறியிருந்த ஒரு காகிதக் கட்டு கண்ணில் பட்டது. பழைய காகிதம் என்றால் எனக்குச் சபலம். அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். ஒரு தொழிற்சங்கத்தின் சந்தா ரசீதுகள், இரண்டு மினிட் புத்தகங்கள், கொஞ்சம் நோட்டீஸ்கள். ரசீதில் நாலணா என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து, 25 ந.பை. என்று யாரோ திருத்தியிருந்தார்கள். நயா பைசா வந்த 1957-ஆம் வருஷத்து ரசீதுகள். புது ரசீது அச்சடிக்கக் காசில்லாத சங்கம். ஆனாலும் கணக்கில் ஒரு பைசா பிசகக்கூடாது என்று நினைத்த சங்கம்.

"என்ன விலைப்பா?" என்றேன்.

"கிலோ 15 ரூபா குடு சார். நாலு கிலோ கீது" என்றான்.

60 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அந்தச் சங்கம் செத்துப்போய்விடவில்லை. கட்டடம் இருக்கிறது, போர்டு இருக்கிறது, மே தினத்தன்று கொடியும் ஏறுகிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்தினால் மற்றவர்களெல்லாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். நம்முடைய தீவிர இடதுசாரிகளின் சரித்திரத்தை அவர்களுடைய வாரிசுகளைவிட, அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளிய போலீஸ்காரன் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறான். இந்த வெட்கக்கேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

சிங்காரவேலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1923 மே முதல் தேதி, இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினம் கொண்டாடினாரே, அவர்தான். அந்த இடங்களில் ஒன்று, துறைமுகத்தை ஒட்டிய ஹைகோர்ட்டுக் கடற்கரை. 'லேபர் கிசான் கெஜட்' என்று இங்கிலீஷிலும், 'தொழிலாளன்' என்று தமிழிலும் பத்திரிகை நடத்தினார். 1925-இல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1928 ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறைக்குப் போனார். இன்று துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில், ஜில்லா கலெக்டர் ஆபீசுக்கு அவர் பெயர்தான். சிங்காரவேலர் மாளிகை! மனுவோடு போகிறவர்கள் தினமும் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். சரி, 'தொழிலாளன்' இதழ்களை வரிசையாகப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அதே வாசலில் நின்று ஒருவர் கேட்டால் எந்தத் திசையைக் காட்டுவீர்கள்? பெயர் வைப்பது சுலபம். காகிதத்தைக் கரையானிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

வெள்ளைக்காரன் அந்தக் கஷ்டத்தைப் பட்டான். எம்.என். ராய் வெளிநாட்டிலிருந்து இங்கே எழுதிய கடிதங்களைத் தபாலிலேயே பிரித்துப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டான். 1924 கான்பூர் சதி வழக்குக்கு அந்தக் கடிதங்கள்தாம் முக்கியமான சாட்சியம். சிங்காரவேலரும் அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர். உடல்நலக் குறைவால் விசாரணைக்கு நிறுத்தப்படவில்லை. செசில் கேயும் பெட்ரியும் உளவு இலாகாவின் தலைமை அதிகாரிகள். அவர்கள் ரகசியமாக எழுதி வைத்த அறிக்கைகள் 1970-களில் கல்கத்தாவில் மறுபதிப்பாயின. கம்யூனிஸ்டுகளே அவற்றைப் புரட்டித் தங்கள் கட்சி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டார்கள். லண்டனில் அடுக்கி வைத்திருந்த இந்திய அரசியல் உளவுத்துறைக் கோப்புகள் 1997-இல் திறந்துவிடப்பட்டன. இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கேதான் ஓடுகிறார்கள்.

ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. உளவுக்காரன் கூலிக்கு எழுதுகிறவன். தன் உத்தியோகம் நிலைக்க வேண்டுமானால் நூறு பேர் கூடிய கூட்டத்தை ஆயிரம் என்பான். மேலதிகாரியின் மனம் குளிர வேண்டுமானால் ஆயிரத்தை நூறு ஆக்குவான். யார் எந்த வீட்டுக்குள் நுழைந்தார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று அவனுக்குத் தெரியும். உள்ளே என்ன தர்க்கம் நடந்தது, எந்தத் துக்கம் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது தெரியாது. வேலைநிறுத்தக் காலத்தில் அடுப்பெரிய அரிசி கொடுத்த பக்கத்து வீட்டம்மாளைப் பற்றி அவன் எழுதவே மாட்டான். திருடனைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதப்பட்ட சரித்திரத்தை வைத்துக்கொண்டுதான் நாம் தியாகிகளைக் கொண்டாடுகிறோம்.

அராஜகவாதிகளின் கதை இதைவிட மோசம். நம் பேச்சில் அராஜகம் என்றால் ரகளை. அவர்கள் சொன்னது வேறு: மனிதனை மனிதன் அதிகாரம் செய்யும் அரசாங்கமே வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. இந்தக் கொள்கைக்கு இந்தியாவில் முக்கியமானவர் ஒரு சென்னைக்காரர். எம்.பி.டி. ஆசார்யா, 1887-இல் பிறந்த திருவல்லிக்கேணிப் பிள்ளை. பாரதியாரோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தபோது அதன் தலைவர் அவர்தான். ராயோடு ஒத்துப்போகாமல் விலக்கப்பட்டார். பெர்லினுக்குப் போய் அராஜகவாதியானார். 1935-இல் பம்பாய் திரும்பி, வறுமையில் எழுதிக்கொண்டே இருந்து, 1954-இல் காலமானார். அவர் அலெக்ஸாண்டர் பெர்க்மனுக்கு எழுதிய கடிதங்கள் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சமூக வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. ஓலே பிர்க் லாவுர்சன் என்ற ஐரோப்பியர் அவருடைய கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 2019-இல் வெளியிட்டார். திருவல்லிக்கேணிக்காரரைத் தெரிந்துகொள்ளத் திருவல்லிக்கேணிக்காரன் கப்பலேற வேண்டியிருக்கிறது!

மறுபடி வட சென்னைக்கே வருகிறேன். அந்தோணிப் பிள்ளை இலங்கையிலிருந்து வந்த ட்ராட்ஸ்கியவாதி. போல்ஷ்விக் லெனினிஸ்ட் கட்சிக்காரர். 1946-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவரானார். 1947-இல் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை நடத்தியவர் அவர். பிறகு துறைமுகத் தொழிலாளர்களுக்கும் தலைவர். 1957-இல் வட சென்னை அவரைப் பார்லிமெண்டுக்கே அனுப்பியது. அவர் சேர்ந்திருந்த அந்தச் சிறிய கட்சியின் சரித்திரத்தை எழுதியவர் சார்லஸ் வெஸ்லி எர்வின். புத்தகம் 2006-இல் கொழும்பில் வெளியாயிற்று. இங்கே ஒரு தொகுதியே ஓட்டுப் போட்டதே, அந்த ஓட்டுப் போட்டவர்கள் எங்கே? பி அண்ட் சி மில் 1996-இல் மூடியே போயிற்று. திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பெயர் இருக்கிறது. அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்தவர்களின் பேச்சை யார் எழுதி வைத்தோம்?

நியாயமாகச் சில சமாதானங்கள் உண்டு. அது தடைக்காலம். 1934-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது; சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த மாகாணத்தில் தடை வந்தது. வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் அகப்பட்டால் ஜெயில். மனைவிமார்கள் ராத்திரியோடு ராத்திரியாக அடுப்பில் போட்டார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். அந்த நெருப்பு ஆளைக் காப்பாற்றிய நெருப்பு. வறுமையால் விற்ற விதவைகளையும் குறை சொல்ல மாட்டேன். அரிசிக்கு முன்னால் மினிட் புத்தகம் என்ன பெரிது? எல்லாருமே கைகட்டி இருந்துவிட்டார்கள் என்றும் சொல்லவில்லை. முருகேசனும் சி.எஸ். சுப்பிரமணியமும் சிரமப்பட்டுச் சிங்காரவேலரைப் பற்றி 1975-இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். ஆசார்யாவைப் பற்றியும் சுப்பிரமணியமே எழுதினார்.

ஆனால் தடை நீங்கி எத்தனை வருஷம் ஆயிற்று? அடுப்பில் போட்டது பயத்தால். காயலான் கடையில் போட்டது எதனால்? ஆபீசுக்கு வெள்ளையடிக்க இடைஞ்சலாக இருந்ததாம்! கட்சி பிளந்தபோது எதிர்க்கட்சிக்குப் போனவனின் பெயர் இருக்கிறதே என்று ஒதுக்கிய காகிதங்களும் உண்டு. பழைய தீர்மானம் இன்றைய தலைவருக்குச் சங்கடம் தருமானால் கரையான் ஒரு நல்ல தோழன்.

எழுத்தாளர்களான நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்? என்னையே சொல்கிறேன். ஹார்பரில் மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர், நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "படிச்சிட்டுப் பத்திரமா குடுத்துடு தம்பி, வேற காப்பி கெடையாது" என்றார். அவர் கைப்பட எழுதிய நாற்பது பக்கம். எந்தக் கப்பலில் எத்தனை நாள் வேலையை நிறுத்தினார்கள், யார் காட்டிக் கொடுத்தான், யார் பட்டினி கிடந்தும் அசையவில்லை என்று எல்லாம் இருந்தது. அதிலிருந்து என் நாவலுக்கு இரண்டு அத்தியாயம் கிடைத்தது. நாவலைப் பலரும் மெச்சினார்கள். நோட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டோடு அது கூழாகிப் போயிற்று. பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் மகளிடம் போய்ச் சொன்னேன். "பரவால்லீங்க சார்" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இதன் நஷ்டம் என்னவென்று எனக்குத் தெரியும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாக, பழைய புத்தகமும் நோட்டீசுமாகச் சேர்த்தார். இன்று அது சென்னையில் ஒரு பெரிய நூலகம். தனி மனிதரால் முடிந்தது, ஆயிரக்கணக்கில் சந்தா வாங்கும் சங்கங்களால் முடியாதா? எழும்பூரில் அரசாங்க ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதை நம்பாவிட்டால் ராயபுரத்திலோ தண்டையார்ப்பேட்டையிலோ ஒழுகாத ஓர் அறை போதும். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படம் பிடிக்கும் போன் இருக்கிறது. விற்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து படமாவது எடுங்கள். எண்ணூர் வரையில் கிழவர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களைப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த நாலு கிலோ கட்டு என் வீட்டில் இருக்கிறது. இந்தத் தடவை மேல்தட்டில் வைத்திருக்கிறேன். தங்களுடையது என்று சொல்லிக்கொண்டு சங்கத்தார் வந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன். 60 ரூபாய் எனக்கு வேண்டாம். பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது மட்டும் வேண்டும்.