டென்ஷன் திருகாணி தைப்பவர் கையில் இருக்கட்டும்

புதிதாக வாங்கிய டி-ஷர்ட்டைத் தலைவழியே மாட்டும்போது கழுத்துத் தையல் பட்டென்று விட்டுப்போனால், நூல் மட்டம் என்று குறைபட்டுக்கொள்கிறோம். பல சமயம் குற்றம் நூலின் மீது இல்லை. பின்னலாடை இழுத்தால் விரியும். தையலும் கூடவே விரிய வேண்டுமானால் அதற்குள் போதுமான நூல் இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு நூல் இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தையல் மெஷினின் டென்ஷன் திருகாணி. அதைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் தையல் பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும், உடுத்தும்போது அறுந்துவிடும். இத்தனை முக்கியமான திருகாணியை, அந்த மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பவர் தொடக்கூடாது என்பதே நம் ஆடைத் தொழிற்சாலைகள் பலவற்றின் வழக்கம். மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோளாறோடு தைத்துக்கொண்டே போக வேண்டும். இந்த வழக்கம் தவறு. டென்ஷன் வைக்கும் அறிவும் அதற்கான அனுமதியும் தைப்பவரிடம் இருப்பதுதான் ஆடைக்கும் நல்லது, தொழிலுக்கும் நல்லது.

இது எட்டாத வித்தையும் அல்ல. ஒற்றை ஊசி மெஷினையே எடுத்துக்கொள்வோம். மேலே ஊசி நூல், கீழே பாபின் நூல். இரண்டும் கோத்துக்கொள்ளும் இடம் துணியின் பருமனுக்குள் புதைந்து நிற்க வேண்டும். மேல்நூல் அதிகம் இறுகினால் பாபின் நூல் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தளர்ந்தால் அடிப்புறத்தில் கண்ணி கண்ணியாகத் தொங்கும். அடியில் கண்ணி விழுவதைப் பார்த்ததும் பழகாதவர் பாபின் கேஸைத் திருகுவார். கோளாறு இருப்பதோ மேலே. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்காமல் நூல் கோத்திருந்தால், டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் இறங்காமல் நின்றிருக்கும். முறையான வரிசை இதுதான்: முதலில் பாபின் கேஸை அதன் நூலிலேயே தொங்கவிட்டு, கையை லேசாகச் சுண்ட வேண்டும். சிறிது இறங்கி நின்றால் சரி. சரசரவென்று இறங்கினால் தளர்வு, அசையாமல் தொங்கினால் இறுக்கம். அதன் சிறு திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிச் சரிசெய்த பிறகே மேல்நூலுக்கு வர வேண்டும். கடைசியில் அதே துணியின் வெட்டுத்துண்டில் ஒரு சாண் தைத்து, இரண்டு புறமும் பார்த்து, நீளவாக்கில் இழுத்துப் பார்க்க வேண்டும். நான்கு நூல் ஓவர்லாக்கில் திருகாணிகளும் நான்கு. பிளாட்லாக்கில் லூப்பர் நூல் இறுகினால் இரு தையல் வரிகளுக்கு நடுவே துணி மேடாகப் புடைக்கும். மெஷினுக்கு மெஷின் அடையாளம் மாறும். பார்க்கும் முறை மாறாது.

மெக்கானிக் காலையில் ஒருமுறை வைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வெள்ளை நூலை எடுத்துவிட்டு அடர் கறுப்புக் கோனை மாட்டினால், சாயத்தாலும் மேற்பூச்சாலும் நூலின் வழவழப்பு மாறும். மெல்லிய ஜெர்சியிலிருந்து கனத்த ஃபிளீஸுக்குப் போனால் காலையில் வைத்த அளவு பொருந்தாது. பாபின் கேஸின் வில்தகட்டுக்கு அடியில் துணித்தூசி சேர்ந்தால், யாரும் தொடாமலேயே இழுவை மாறிவிடும். நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் விழும் வேகத்தில் ஊசி சூடேறுகிறது. பாலியஸ்டர் நூல் உருகுவது சுமார் 260 டிகிரி செல்சியஸில் என்றாலும், அதற்கு வெகு முன்பே அதன் வலு குறையத் தொடங்கும். அந்நேரத்தில் டென்ஷனும் இறுகியிருந்தால் நூல் அடிக்கடி அறும். ஒரு ஷிஃப்டுக்குள்ளேயே நடக்கும் இந்த மாற்றங்களை முதலில் உணர்வது துணியைப் பிடித்திருக்கும் விரல்களே.

உணர்ந்தவர் கையைக் கட்டிவைப்பதன் விலையைக் கணக்கில் காணலாம். ஏற்றுமதி ஆடைச் சோதனையில் பரவலாகப் பின்பற்றப்படும் ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 முறையில், 1,200 ஆடைகள் கொண்ட ஒரு லாட்டிலிருந்து 80 ஆடைகளை எடுத்துப் பார்ப்பது வழக்கம். குறையுள்ளவை 5 வரை இருந்தால் லாட் தேறும்; 6 ஆனால் மொத்த லாட்டும் தேறாது. மற்றக் குறைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரலாம். டென்ஷன் கோளாறு அப்படியல்ல, சரிசெய்யும்வரை அந்த மெஷினைக் கடக்கும் ஆடைகளில் வரிசையாக விழும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. அவர் தைத்துக்கொண்டே போவதைக் குறை சொல்ல முடியாது. பிறகு செக்கிங்கில் பிடித்து, பிரித்து, மறுபடி தைத்தாலும் பின்னலாடையில் பழைய ஊசித் துளை ஓட்டையாக நிற்கும் அபாயம் உண்டு.

ஆளுக்கு ஆள் திருகினால் தரம் சிதறும் என்பது உற்பத்தி மேலாளர்களின் அச்சம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிதறலுக்குக் காரணம் திருகுவது அல்ல, தெரியாமல் திருகுவது. லூப்பர், ஹூக் டைமிங் போன்றவை மெக்கானிக்கின் பொறுப்பிலேயே இருக்கட்டும். டென்ஷனுக்கு மட்டும், ஒவ்வொரு ஆர்டரின் தொடக்கத்திலும் சரியான தையல் போட்ட ஒரு துண்டுத் துணியை மெஷின் அருகில் மாட்டிவைத்து, அதற்கு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள்ளச் சொன்னால் எல்லை தெளிவாகிவிடும். ஆட்கள் நிலையாக இருப்பதில்லை, கற்றுக்கொடுத்து என்ன பயன் என்பது அடுத்த வாதம். கண்ணால் பார்த்து, கையால் இழுத்துக் கற்கும் இதற்கு மொழிகூடத் தடையில்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியும் சில நாட்களில் பழகிவிடுவார்.

டென்ஷனை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் மெஷின்கள் வந்துவிட்டனவே என்றும் சொல்வார்கள். ஜூகி போன்ற நிறுவனங்களின் அத்தகைய மெஷின்கள் நல்ல கருவிகள்தான். கொடுத்த அளவை அவை நினைவில் வைத்துக்கொள்ளும். எந்த அளவு சரி என்பதை ஒரு மனிதக் கண் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திருப்பூரின் பவர் டேபிள் யூனிட்டுகளில், பழைய மெஷின்களை வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு முதலாளிகளால் அவற்றை உடனே வாங்கவும் முடியாது.

இதற்குள் இன்னொரு அநீதியும் இருக்கிறது. தைப்பவர்களில் பெருமளவு பெண்கள். திருப்புளி வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆண். மெஷினைத் தெரிந்தவர் அவர், ஓட்டத் தெரிந்தவர் மட்டுமே இவர் என்ற பிரிவினை கூலியிலும் மரியாதையிலும் பதவி உயர்விலும் தொடர்கிறது. ஆகவே ஐடிஐ தையல் தொழில்நுட்பப் பிரிவிலும், 2017-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த சமர்த் போன்ற பயிற்சித் திட்டங்களிலும், டென்ஷனைக் குலைத்துவைத்த மெஷினைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வது கட்டாயத் தேர்வாக வேண்டும். தேறியவருக்கு நிறுவனங்கள் கூலியில் ஒரு படி கூடுதலாகத் தர வேண்டும். முதலாளிகள் நாளைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: ஒவ்வொரு மெஷின் டிராயரிலும் ஒரு சிறு திருப்புளியை வையுங்கள், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்.