காய்ச்சுகிற கைக்கு நுண்ணுணர்வு இல்லையாம்

"அடி இருக்கு, வேகம் இருக்கு. ஆனா நுண்ணுணர்வு பத்தல." நகரத்துக் கலைவிழா மேடையில் ஒரு பெரியவர் சொன்னார். எங்க ஆட்கள் அப்போதுதான் பறையடித்து முடித்து, வேர்வை வழிய ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலிகூடப் போடவில்லை. அதைச் சொன்னால் புலம்பல் என்பார்கள், விடுங்கள்.

திறமை எங்களுக்கு, உணர்வு அவர்களுக்கு. நல்ல பாகப்பிரிவினை!

எங்க அப்பா பறை காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்பார். சூடு கூடினால் தோல் கிழியும். குறைந்தால் சத்தம் எழும்பாது. அந்தப் பக்குவத்துக்கு அளவுகோல் காதுதான். அடிக்குச்சி ஒன்று பேசும், சுண்டுகுச்சி வேறொன்று பேசும். சாவு வீட்டில் மகள் வந்து விழுந்து அழுதால் அடி தணியும். பாடையைத் தூக்கினால் ஏறும். இது நுண்ணுணர்வு இல்லையென்றால் வேறென்ன இழவு?

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியம் நடத்தினார்கள். கருப்பொருள்களில் ஒன்றாகப் பறை வருகிறது. விளக்கம் எழுதிக்கொண்டோம். "எங்க வீட்டில் ஒன்னு இருக்கு" என்று நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் அறுக்கிறது.

மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது. தோலைத் தேர்ந்து, மூட்டி, சுருதிக்கு நிறுத்துகிறவர்களில் பலர் தலித் கிறித்துவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை 2020இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. சுருதி கேட்கிற காது 'தொழில்' கணக்கில், அதே தோலில் தட்டுகிற விரல் 'கலை' கணக்கில்! 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம்தான். சாவுக்கு ஆள் கூப்பிட வருகிறவன் வாயில் இன்னும் "டேய்"தான்.

பறையை வீசியெறி என்கிற தோழர்கள் நம்மிடமும் உண்டு. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். எங்க அப்பாவே இழிவென்று விட்டவர்தான். ஊருக்காக அடிக்காதே, சரி. அந்தக் காதையும் சேர்த்து ஏன் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

போன மாசம் பரணிலிருந்து பறையை இறக்கி, "காய்ச்சுங்கப்பா" என்றேன்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. நான் கத்துக்கணும்."

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, வைக்கோல் கொண்டாரச் சொன்னார்.