ஒற்றை விதை போதுமா?

தோழர்களே! வெள்ளம் மூடினால் நெற்பயிர் என்ன செய்கிறது? மூச்சு தேடி மேலே மேலே நீண்டு, சேமித்த சத்தையெல்லாம் செலவிட்டு மாண்டு போகிறது. ஒடிசா உழவன் தலைமுறை தலைமுறையாகக் காத்த நெல்லோ வளர்ச்சியை அடக்கி, வலிமையைச் சேமித்து, இரு வாரம் நீரடியில் கிடந்து, நீர் வடிந்ததும் நிமிர்கிறது! அந்நெல்லின் வழிவந்த எஃப்.ஆர்.13ஏ தந்ததே 'சப்1ஏ' மரபணு. 2006-இல் அறிவியலார் அதனை விளக்கினர். 2009-இல் 'சுவர்ணா சப்1' வயலுக்கு வந்தது. வாழ்த்துவோம்!

ஆனால், வெள்ளம் வாரக்கணக்கில் வடியாது நின்றால்? அங்கே அடங்கிக் கிடக்கும் பயிர் அழியும். நீரோடு போட்டியிட்டு உயரும் வங்கத்து ஆழ்நீர் நெல்லே வாழும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு விதை! ஆகவே பழைய விதைகளைப் பேணுவது பழமைப் பித்தன்று. நாளைய சோற்றுக்கு அரண். விதை காத்த உழவனுக்குப் பயனில் பங்குண்டு என்கிறது 2001-ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டில் உள்ள உரிமை, அவன் வீட்டை அடைய வேண்டாமா?